எழுபத்தோராவது சொல்

குளக்கரை மருத மரத்தின் வேரடியில் கட்டெறும்புகள் குடியிருந்தன. இரண்டு ஆண்டாக மழை பொய்த்துக் குளம் வறண்டு போயிற்று. அவர்களில் பாதிப் பேர் பிரிந்து போய், வறண்ட குளத்தின் பள்ளத்திலேயே ஒரு புற்று கட்டிக்கொண்டார்கள். கரையில் இருந்தது மேட்டுப் புற்று. பள்ளத்தில் இருந்தது பள்ளப் புற்று. பேர் வைப்பதற்கெல்லாம் எறும்புகள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

இரண்டு புற்றுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. ஆனால் அந்தக் கடிதம் நடந்து போகும். ஓர் எறும்புக்கு ஒரு சொல். பத்துச் சொல் கடிதம் என்றால் பத்து எறும்புகள் வரிசையாகக் கிளம்பும். அங்கே போய் முதல் எறும்பு முதல் சொல்லைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும். அடுத்தது அடுத்த சொல்லைச் சொல்லும். கடைசிச் சொல் வந்து சேரும்வரை கேட்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அசையக்கூடாது.

ஏன் இந்த வம்பு என்று கேட்கலாம். முன்பு ஒருத்தியிடமே முழுச் சேதியையும் சொல்லி அனுப்பினார்கள். வழியில் அவள் ஒரு வெல்லத் துணுக்கைப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தபோது அவள் நினைவில் வெல்லம் மட்டும்தான் இருந்தது. பள்ளப் புற்றுக்காரர்கள் இல்லாத வெல்லத்தைத் தேடி இரண்டு நாள் அலைந்தார்கள். அன்றைக்கு வந்ததுதான் இந்தச் சட்டம்.

சட்டம் நல்ல சட்டம்தான். கெடுத்தவள் அலங்காரி.

அலங்காரிதான் மேட்டுப் புற்றின் கடிதக்காரி. காய்ந்த பூவரச இலையில் பல்லால் கடித்துக் கடித்துக் கடிதம் எழுதுவாள். பிறகு ஒவ்வோர் எறும்பையும் கூப்பிட்டு, அவளவள் சொல்லைக் காதில் ஓதுவாள். அவள் கெட்டவள் இல்லை. சொல் மேல் அவளுக்கு அப்படி ஒரு பித்து. ஒரு சொல் போதும் என்ற இடத்தில் ஆறு சொல் வைப்பாள். வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்து ரசிப்பாள்.

ஒரு நாள் மேட்டுப் புற்றின் வாசலில் ஒரு வெட்டுக்கிளி செத்து விழுந்தது. "வெட்டுக்கிளி கிடக்கிறது, வாருங்கள்" என்று சொன்னால் தீர்ந்தது. அலங்காரி அதை எண்பத்து நான்கு சொல்லில் எழுதினாள். எண்பத்து நான்காவது எறும்பு தன் சொல்லைச் சொல்லி முடித்து, பள்ளப் புற்றுக்காரர்கள் ஓடி வந்து பார்த்தபோது, மைனா தின்றது போக ஒரு கால் மிச்சம் இருந்தது.

சொல் சுமக்கும் எறும்புகளுக்குத் தலைவி சடைச்சி. அவளுக்குத்தான் இதில் எரிச்சல் அதிகம்.

"ஏட்டி அலங்காரி! கொஞ்சம் கொறச்சு எழுதேன். புள்ளைங்க கால் தேயுது!"

"அக்கா, கடிதம்னா ஒரு மரியாத வேண்டாமா? மொட்டையா எழுதினா அந்தப் புற்று அரசி நம்மள என்ன நெனைப்பாங்க?"

வரிசையில் பேராச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு எப்போதும் கிடைக்கும் சொல் "மேற்படி."

"நானும் ஆறு தடவ போயிட்டு வந்துட்டேன். அங்க போய் 'மேற்படி'ன்னு சொல்வேன். யாரும் என்னன்னு கேட்டதில்ல. எனக்கும் அது என்னன்னு தெரியாது" என்பாள் பேராச்சி.

எல்லாரும் சிரிப்பார்கள். அலங்காரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. இரண்டு புற்றுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. படித்துறை வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் அரை நாள் ஆகும். அதனால் மணல் வழியாகத்தான் போவார்கள். அந்த மணலில் குழியப்பன் இருந்தான்.

குழியப்பன் ஒரு குழிநரி. நரி என்றதும் வாலும் ஊளையும் நினைக்க வேண்டாம். அது ஒரு பூச்சி. மணலில் புனல் மாதிரி குழி பறித்து, அடியில் கொடுக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விளிம்பில் கால் வைத்த எறும்பு சறுக்கிக்கொண்டு நேராக அதன் வாய்க்குள் போகும்.

மூன்று பேர் நடந்தால் ஓரமாக ஒதுங்கிப் போய்விடலாம். எண்பது பேர் வரிசையாக நடந்தால் மணல் இளகும். யாராவது ஒருத்தி சறுக்குவாள். மணலுக்கு மேலே ஒரு வைக்கோல் துரும்பு பாலம் மாதிரி விழுந்து கிடந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒருத்திதான் போக முடியும். எண்பது பேரும் அதில் போவதென்றால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சடைச்சி அதை ஏக்கத்தோடு பார்ப்பதோடு சரி.

குழியப்பன் கெட்டிக்காரன். அலங்காரி கரையில் வந்து நிற்கும்போதெல்லாம் குழிக்குள்ளிருந்து குரல் கொடுப்பான்.

"புலவரம்மா! நேத்திக் கடிதம் பிரமாதம்! ஆனா ஒரு கொற."

"என்ன கொற?" என்று அலங்காரி பதறுவாள். அவளுக்குத் தூரத்திலிருந்து குரல் மட்டும்தான் கேட்கும். ஆளைப் பார்த்ததில்லை. மணலில் நடந்ததும் இல்லை. கடிதக்காரி எதற்கு நடக்க வேண்டும்?

"சட்டுனு முடிஞ்சிட்டு. இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்!"

அலங்காரிக்குத் தலைகால் புரியாது. புற்றுக்குள் போய், "என் எழுத்தோட அருமை தெரிஞ்ச ரசிகர் ஒருத்தர் மணல்ல இருக்கார்" என்று சொல்லிக்கொள்வாள். அது குழியப்பன்தான் என்று சடைச்சி சொன்னால், பொறாமை என்று தள்ளிவிடுவாள். அடுத்த கடிதத்தில் இருபது சொல் கூடும்.

ஒரு காலையில் வாய்க்கால் நண்டு மூச்சிரைக்க ஓடி வந்தது. நண்டு ஓடுவதென்றால் பக்கவாட்டில்தான். ஆனாலும் வேகம்.

"மேல் ஏரி நெரம்பிட்டு! மனுசங்க மடையத் தொறந்துட்டாங்க! உச்சி வெயிலுக்குள்ள குளத்துல தண்ணி! பள்ளத்துல இருக்கிறவங்க மேல ஏறிடணும்!"

புற்று முழுக்க அதிர்ந்தது. பள்ளப் புற்றில் நானூறு பேர் இருந்தார்கள். அதைவிட முட்டைகள் அதிகம். அலங்காரியின் தங்கை மாடத்தியும் அங்கேதான் இருந்தாள். இருவரும் ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து முட்டையிலிருந்து வந்தவர்கள். மாடத்திக்குப் பள்ளப் புற்றில் முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

"நண்டண்ணே, நீங்களே ஓடிப் போய்ச் சொல்லிடுங்களேன்!" என்றாள் சடைச்சி.

நண்டு கூச்சத்தோடு கொடுக்கைச் சொறிந்தது. "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. போன வருசம் அவங்க முட்டையத் தின்னது எங்க மாமா."

அரசி அலங்காரியைக் கூப்பிட்டாள். அந்தப் புற்றில் எல்லாருக்கும் அவள்தான் அம்மா.

"சீக்கிரம் எழுது. ஆனா நம்ம மதிப்பு கொறையாம எழுது."

முதல் பாதியை மட்டும் அலங்காரி கேட்டிருக்கலாம். அவள் கேட்டது இரண்டாம் பாதியை. அவளுக்கும் தங்கையை நினைத்துப் பயம்தான். ஆனால் பயந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுபோகும், சிலருக்குப் பேச்சு கூடிப்போகும். அலங்காரி இரண்டாவது வகை.

அவள் கடித்துக் கடித்து எழுதினாள். மரத்தின் நிழல் ஒரு முழம் சுருங்கியது.

"பெருமையும் புகழும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற, மாட்சிமை பொருந்திய, மண்ணுக்கே மணியென விளங்கும் பள்ளப் புற்றின் பேரரசித் தாயார் அவர்களுக்கு, மேட்டுப் புற்றார் அனைவரும் பணிவோடும் பாசத்தோடும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்..." என்று கடிதம் தொடங்கியது. அப்படியே போய், தங்கள் மேலான திருச்செவிகளில் மேற்படி சேதியை இடுகிறோம் என்று வளைந்தது. பிறகு, "வான்முகில் வழங்கிய வள்ளன்மையானது வாய்க்கால் வழியே தவழ்ந்து தங்கள் திருமனையைத் தழுவ எழுந்தருளும் தறுவாயில் இருப்பதால்..." என்று நீண்டது.

மொத்தம் நூற்றெட்டுச் சொல்.

சடைச்சி தலையில் அடித்துக்கொண்டாள். வாதாட நேரம் இல்லை. அவளவளுக்குச் சொல்லைப் பிரித்துக் கொடுத்தார்கள். வரிசை நின்றது. நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எழுபத்தோராவது சொல்லுக்கு ஆள் இல்ல" என்றாள் சடைச்சி.

"எது அது?"

"'மேலான.' அதச் சொமக்கிறவ போன வாரம் மணல்ல போனா. திரும்பி வரல."

வரிசை முழுக்க அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அந்தச் சொல்ல எடுத்துரு, அலங்காரி" என்றாள் பேராச்சி மெதுவாக.

"எடுக்கிறதா! வெறும் 'திருச்செவிகளில்'னா நல்லாவா இருக்கும்? வாக்கியமே வாடிப் போயிருமே!"

"அப்ப நீயே சொமந்துக்கோ!" என்றாள் சடைச்சி. "நட!"

இப்படியாக, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அலங்காரி தான் எழுதிய சொல்லைத் தானே சுமந்துகொண்டு வெயிலில் இறங்கினாள். எழுபதாவது எறும்புக்குப் பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் "திருச்செவிகளில்" சுமந்த ஒருத்தி. அவளுக்கும் பின்னால் "மேற்படி"யோடு பேராச்சி.

நாலடி நடப்பதற்குள் கால் சுட்டது. பத்தடியில் தொண்டை காய்ந்தது. இருபதடியில், "இந்தச் சொல் இவ்வளவு கனமா?" என்று அவளுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தாள்.

மணல் வந்தது. முன்னால் போன எழுபது பேரும் தப்பித்துப் போயிருந்தார்கள். மணல் நன்றாக இளகியிருந்தது.

"யாரு, புலவரம்மாவா!" என்று குழியிலிருந்து குரல் வந்தது. "நீங்களே நடந்து வாறீங்களா! என்ன பாக்கியம்! கையில என்ன சொல்லு?"

"'மேலான'!" என்றாள் அலங்காரி. களைப்பிலும் அவளுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது.

"காது சரியாக் கேக்கல. கிட்ட வந்து சொல்லுங்களேன்!"

"அலங்காரி, போகாத!" என்று பேராச்சி கத்தினாள்.

அதற்குள் அவள் இரண்டடி எடுத்து வைத்துவிட்டாள். காலுக்குக் கீழே மணல் நழுவியது. சறுக்கிக்கொண்டு பாதிக் குழிக்குப் போய்விட்டாள். அடியில் இரண்டு கொடுக்குகள் திறந்து நின்றன.

பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று அலங்காரி துழாவினாள். கடுகுத் தோல் மாதிரி கருப்பாக ஏதேதோ கையில் அகப்பட்டன. உற்றுப் பார்த்தாள். கடுகுத் தோல் இல்லை. எறும்புகளின் வெற்று ஓடுகள்.

குழியப்பன் சிரித்தான். "பயப்படாதீங்க, எல்லாம் ஒங்க எழுத்துத்தான்! இது 'எனவே.' இது 'பேரன்போடு.' அந்தா கெடக்கே, அது 'தெரிவித்துக்கொள்வது.' ஒரு சொல்லையும் நான் வீணாக்கல. ஒங்களுக்கு என்னைப் போல ஒரு ரசிகன் கெடைப்பானா? சின்னக் கடிதம் எழுதியிருந்தா நான் எப்பவோ பட்டினி கெடந்து செத்திருப்பேன்!"

அலங்காரி அந்த ஓடுகளை மறுபடி பார்த்தாள். "பேரன்போடு" என்ற சொல்லை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. வரியின் முடிவு வெறிச்சென்று இருக்கிறதே என்று, போகிற போக்கில் சேர்த்த சொல் அது. அதற்காக ஒருத்தி செத்திருக்கிறாள். அவள் பேர்கூட அலங்காரிக்குத் தெரியாது.

குழியப்பன் மணலை வாரி அவள் மேல் இறைத்தான். அவள் இன்னும் கொஞ்சம் சறுக்கினாள். கொடுக்கு அவள் காலைத் தொட்டது.

அப்போது மேலிருந்து ஏதோ அவளுடைய உணர்கொம்பைப் பிடித்து இழுத்தது. பேராச்சி! அவள் காலை எழுபத்திரண்டாவது எறும்பு பிடித்திருந்தாள். அவள் காலை எழுபத்து நான்காவது. அவள் வைக்கோல் துரும்பைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

"இழுங்கட்டி!" என்று பேராச்சி அலறினாள்.

ஓர் இழுப்பு. மணல் சரிந்தது. இன்னொரு இழுப்பு. அலங்காரி விளிம்புக்கு வந்து விழுந்தாள். ஒரு கால் நுனி போயிருந்தது. உயிர் இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சுற்றிப் பார்த்தாள்.

"ஒங்க சொல்லெல்லாம் எங்க?"

"கீழ போட்டுட்டோம்" என்றாள் பேராச்சி. "வாயில சொல்ல வச்சிக்கிட்டு ஒன்ன எப்படி இழுக்க? கோவிச்சுக்காத."

அலங்காரியின் "மேலான"வும் குழிக்குள் போயிருந்தது. அவள் மனசுக்குள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். "மேலான"வும் "மேற்படி"யும் இல்லாமல் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அவள் பள்ளத்தைப் பார்த்தாள். தூரத்தில், பள்ளப் புற்றின் வாசலில், நானூறு பேரும் அசையாமல் மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் போன எறும்புகள் ஒவ்வொருத்தியாகப் பட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மண்ணுக்கே" என்றாள் ஒருத்தி. "மணியென" என்றாள் அடுத்தவள். மறுபக்கம், வாய்க்கால் குளத்தில் இறங்கும் இடத்தில், மண் கருத்து நனைந்திருந்தது.

தண்ணீர் வந்துவிட்டது!

"வெள்ளம்ங்கிற சொல்ல வச்சிருக்கிறது யாரு? அவள முன்னால அனுப்பு!" என்று அலங்காரி பின்வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

வரிசை முழித்தது.

"எங்கிட்ட 'வள்ளன்மையானது' இருக்கு" என்றாள் ஒருத்தி.

"எங்கிட்ட 'தவழ்ந்து.'"

"எங்கிட்ட 'தறுவாயில்.'"

யாரிடமும் "வெள்ளம்" இல்லை. நூற்றெட்டுச் சொல் எழுதியவள், வெள்ளம் என்று எழுதவே இல்லை! இந்தக் கடிதம் முழுசாகப் போய்ச் சேர்ந்தால்கூடப் பள்ளப் புற்றுக்காரர்கள் யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று வாசலைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

அலங்காரி எழுந்து நின்றாள். ஒடிந்த கால் வலித்தது. அவள் பின்வரிசை நெடுக நொண்டிக்கொண்டே ஓடினாள்.

"'வான்முகில்'! நீ வீட்டுக்குப் போ!"

"நெசமாவா?"

"போ! 'வழங்கிய'! நீயும் போ! 'முத்தனைய'! போ! 'எழுந்தருளும்'! வேண்டாம், போ, போ!"

ஒவ்வொருத்தியும் ஒரு பெருமூச்சு விட்டாள். சொல்லைத் தொப்பென்று கீழே போட்டாள். கொம்பை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். மணலைக் கடக்க வேண்டாம் என்றதும் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு அழுகை. கடைசியில் நின்ற சடைச்சிக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

அலங்காரி சடைச்சியையும் பேராச்சியையும் மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

"மூணே மூணு சொல். 'வெள்ளம்'. இது எனக்கு. பேராச்சி, ஒனக்கு 'முட்டைகளோடு.' சடைச்சியக்கா, ஒங்களுக்கு 'மேலேறுங்கள்.'"

"அவ்வளவுதானா?" என்றாள் பேராச்சி.

"அவ்வளவுதான்."

"அடேயப்பா! மொதத் தடவையா அர்த்தம் தெரிஞ்ச சொல்லு!" என்று பேராச்சி துள்ளினாள்.

மூவரும் ஒருத்தி பின் ஒருத்தியாக வைக்கோல் துரும்பில் ஏறினார்கள். மூன்று பேர் என்றால் நேரம் ஆகாது. கீழே குழியப்பன் பதறிப் போய்க் கூப்பிட்டான்.

"புலவரம்மா! மூணு சொல்லா? இது எழுத்தா? ஒங்க பேரு என்னாகிறது! இன்னும் ஒரு அடைமொழியாவது..."

அலங்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளப் புற்றில் அப்போது முப்பத்தெட்டாவது சொல் ஓடிக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டு வந்த அலங்காரி வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். இப்படி ஒரு மரியாதைக் குறைவை அந்தப் புற்று கண்டதில்லை. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"வெள்ளம்!" என்றாள் அலங்காரி.

"முட்டைகளோடு!" என்றாள் பேராச்சி.

"மேலே..." என்று சடைச்சி வாயெடுப்பதற்குள் பாதிப் பேர் புற்றுக்குள் பாய்ந்துவிட்டார்கள். மீதிச் சொல்லை அவள் முதுகுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பள்ளப் புற்றுக்குப் பக்கத்திலேயே படித்துறையின் கடைசிப் படி இருந்தது. அதில் ஏறினால் நேரே கரை. எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு படியில் ஏறின. ஆளுக்கு ஒரு முட்டை என்றாலும் ஆள் போதவில்லை. முன்னால் வந்து நின்ற எழுபது பேரைப் பார்த்து சடைச்சி கத்தினாள்.

"இன்னும் என்ன சொல்லப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? போட்டுட்டு முட்டையத் தூக்குங்க!"

சொல்லி முடித்த "மாட்சிமை"யும் "பொருந்திய"வும், முறை வராத "தங்கள்" என்பதும் மண்ணில் விழுந்தன. எழுபது முட்டைகள் எழுபது வாயில் ஏறின.

தண்ணீர் புற்றின் வாசலைத் தொட்டபோது உள்ளே ஒருத்திதான் இருந்தாள். மாடத்தி. கடைசி முட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது அவள் கால் நனைந்தது. அலங்காரி கடைசிப் படியிலிருந்து இறங்கி வந்து முட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவும் தங்கையும் ஏறினார்கள். ஒவ்வொரு படியாகத் தண்ணீர் பின்னாலேயே ஏறியது. கீழிருந்து நாலாவது படியில் அது நின்றது.

கரைக்கு வந்ததும் மாடத்தி முட்டையை இறக்கி வைத்தாள்.

"அக்கா, கடிதம் அவ்வளவுதானா? மிச்சம் ஏதும் இருக்கா?"

"இல்லட்டி. அவ்வளவுதான்."

"நல்ல வேள!" என்று சொல்லி மாடத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். 

பள்ளப் புற்று அரசியை நாலு பேர் தூக்கி வந்து நிழலில் வைத்தார்கள். அலங்காரி பயந்துகொண்டே கிட்டப் போனாள்.

"அம்மா, மன்னிச்சிக்கிடுங்க. பட்டம் ஒண்ணும் சொல்லாம, நடுவுல புகுந்து..."

"அதுக்கு ஏன் மன்னிப்பு?" என்றாள் அரசி. "ஒரு வருசமா கால் கடுக்க நின்னுக்கிட்டே கேக்கிறேன். பட்டம் ஆரம்பிச்சா நின்னவாக்கிலேயே தூங்கிடுவேன். எழுந்து பாத்தா கடிதம் முடிஞ்சிருக்கும். என்ன எழுதியிருந்ததுன்னு மத்தவங்ககிட்டக் கேட்டுக்கிடுவேன். அவங்களும் தூங்கியிருப்பாங்க. இன்னிக்குத்தான் முழுக் கடிதத்தையும் கேட்டேன். அப்பாடா!"

எல்லாரும் சிரித்தார்கள். உயிர் தப்பியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. சின்ன விஷயத்துக்குக்கூட அடங்காது.

அந்தச் சிரிப்பின் நடுவே தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது. மணல் திட்டு மூழ்கிப் போயிருந்தது. காய்ந்த இலை ஒன்றில் தொற்றிக்கொண்டு குழியப்பன் மிதந்து வந்தான்.

"அறிவும் அருளும் ஒருங்கே வாய்ந்த புலவரம்மா அவர்களே!" என்று அவன் தொடங்கினான். இலை ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

"கருணைக் கடலே! எறும்பினத்தின் ஒளிவிளக்கே!" இலை இன்னும் இரண்டு முழம் போயிற்று.

"தங்கள் மேலான திருச்செவிகளில் இந்த எளியவன் பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்..." என்பது வரைக்கும் கேட்டது. பிறகு இலை நடுக்குளத்துக்குப் போய்விட்டது. அவன் என்ன கேட்டான் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

"எதிர்க்கரைக்குப் போறான்" என்றது நண்டு. "அங்க எறும்பு இல்ல. தவளைதான் இருக்கு."

பள்ளப் புற்றுக்காரர்கள் படித்துறையின் உச்சியில் புதிதாகப் புற்று கட்டிக்கொண்டார்கள். அதற்குப் படிப் புற்று என்று பேர் வைத்தார்கள்.

அடுத்த நாள் அலங்காரி சடைச்சியிடம் போனாள்.

"அக்கா, இந்தக் கோடையில மணல்ல போனவங்க எத்தன பேரு?"

"பதினொண்ணு" என்றாள் சடைச்சி.

"அவங்க பேரெல்லாம் சொல்லுங்க."

சடைச்சி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அலங்காரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். எழுதி வைக்கவில்லை. மறக்கக் கூடியதாக இருந்தால் அல்லவா எழுதி வைக்க வேண்டும்! அந்தப் பதினொரு பேர் சுமந்த சொற்களை அதற்குப் பிறகு அவள் எந்தக் கடிதத்திலும் சேர்க்கவில்லை.

கடிதம் எழுதுவதை அவள் விடவில்லை. ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, "இதச் சொமந்துக்கிட்டு நான் வெயில்ல நடப்பேனா?" என்று தன்னையே கேட்பாள். நடக்க மாட்டேன் என்று மனசு சொன்னால் அந்தச் சொல்லைக் கடித்துத் துப்பிவிடுவாள். முதலில் துப்ப மனசு வரவில்லை. போகப் போக வாய்க்கு லேசாக இருந்தது.

படிப் புற்றுக்கு அவள் அனுப்பிய முதல் கடிதம், "நலமா?" அதைப் பேராச்சிதான் சுமந்து போனாள். பொழுது சாய்வதற்குள் மாடத்தியின் பதிலோடு திரும்பி வந்தாள். "நலம்."

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள் அலங்காரி.

"போனேன், வந்தேன். வழியில படுத்து ஒரு தூக்கம்கூடப் போட்டேன்" என்றாள் பேராச்சி. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்த 'மேற்படி'? அத இனி நான் சொமக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"இனிமே எப்பவுமே?"

"எப்பவுமே."

பேராச்சி மருத மரத்தின் நிழலில் காலை நீட்டிப் படுத்து, "அப்பாடா!" என்றாள்.

பிள்ளைகளே, பெரியவர்களே, நாம் எழுதும் வேண்டாத சொல் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சுமக்க வேண்டியிருப்பதால், சொல்ல வந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவோம்.